இடது பக்கம் தொங்கிய நம்பர் பிளேட்

அத்தியாயம் 4

"ஸ்க்ரூ டிரைவரைக் கீழ போடு!"

துப்பாக்கியைக் கீழே போடு என்று சொல்லியிருந்தால்கூட ஸ்பீக்கர் இவ்வளவு பதறியிருக்க மாட்டான். டிரைவிங் பழகும் மைதானத்தின் ஓரத்தில், ஒரு வெள்ளைக் காரின் முன் பம்பருக்கு எதிரே, உச்சி வெயிலில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் இருந்தது நழுவி அவன் கால் கட்டைவிரல் மேலேயே விழுந்தது.

"அண்ணி! ஒரு மனுஷன் நல்ல காரியம் பண்றப்ப இப்படியா கத்துவாங்க? பிளேட் கோணலா தொங்குது. ரெண்டு திருகு திருகினா நேராயிடும். விசாரணைக்குப் போற வண்டி கொஞ்சம் மரியாதையா போகட்டுமேன்னு பார்த்தேன்."

"அதுல கை வெச்சே, உன் கையைக் கோணலா மாட்டிடுவேன்."

அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. ஊருக்கு அவர் சர்வேயரம்மா. இடிபட்ட வண்டிகளைப் பார்த்து எது எதன் மேல் எப்படி மோதியது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லும் வேலையில் வெகுகாலம் இருந்தவர். ஒரு நாள் மேலதிகாரி நீட்டிய பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அன்றிலிருந்து துப்பறிவதுதான் தொழில். ஸ்பீக்கர் அவருக்கு உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, சமயங்களில் தலைவலி. ஓயாமல் பேசியதால் வந்த பட்டம் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

காரின் சொந்தக்காரி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மைதானத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. பிடிவாதத்தையும் சேர்த்து அளந்தால் ஆறடியைத் தாண்டும்.

"நேரா மாட்டினா மட்டும் நிக்கவா போகுது?" என்றார் டீச்சர். "இந்த முனையை இதுவரைக்கும் அஞ்சு தடவை மாட்டிட்டேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒரு புதுப் பிள்ளை கொண்டுபோய் அந்தக் கம்பத்துல இடிச்சிரும். கடைசியா இடிச்சதுல ஒரு பக்க ஓட்டையே கிழிஞ்சு போச்சு. எக்கேடோ கெட்டுப் போன்னு விட்டுட்டேன். இப்ப அதுவே என் கழுத்துக்குக் கத்தியா வந்திருக்கு."

கத்தி வந்த கதை இதுதான். போன வாரம் இருட்டுகிற நேரத்தில், கடைத்தெரு முனையில் சைக்கிளில் போன ஒரு தையல்காரரை வெள்ளைக் கார் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவருக்குக் காலில் எலும்பு முறிவு. தையல் மெஷினை மிதிக்க வேண்டிய கால். எதிரே மருந்துக் கடையின் கேமராவில் கார் பதிவாகியிருந்தது. ஓட்டியவர் முகம் கண்ணாடிப் பளபளப்பில் தெரியவில்லை. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அது டீச்சரின் நம்பர். போதாததற்கு, பிளேட் கோணலாக வேறு இருந்தது.

டீச்சர் அந்த நேரத்தில் தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தார். அதற்குச் சாட்சி கட்டிய கணவர் மட்டும்தான். அவர் சொல்லை யார் நம்புவார்கள்? இன்று மாலை இந்த மைதானத்திலேயே விசாரணை. போக்குவரத்து அதிகாரி வருகிறார். குற்றம் உறுதியானால் டீச்சர் இனி யாருக்கும் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க முடியாது. பள்ளிக்குப் பூட்டு, வழக்கு தனி.

சர்வேயரம்மா கைப்பையிலிருந்து கேமராப் படத்தை எடுத்து, பம்பருக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தார். படத்தைப் பார்த்தார். பிளேட்டைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில், ஸ்பீக்கருக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சிரிப்பு வந்தது. கடைக்காரன் தராசில் விரல் வைத்ததைப் பார்த்துவிட்டவர்களுக்கு வரும் சிரிப்பு.

"டேய், எதிர்ல நின்னு பாரு. பிளேட் எந்தப் பக்கம் தொங்குது?"

"இடது பக்கம்."

"படத்துல?"

ஸ்பீக்கர் குனிந்து பார்த்தான். "வலது பக்கம்!"

"அஞ்சு நாளா எல்லாரும் இந்தப் படத்தைப் பார்த்திருக்காங்க. கோணல்னு பார்த்த உடனே கண்ணை எடுத்துட்டாங்க. எந்தப் பக்கக் கோணல்னு ஒருத்தரும் பார்க்கல." அவர் பிளேட்டின் வலது முனையைத் தட்டினார். போல்ட்டில் துரு ஏறி, பம்பரோடு ஒட்டிப் பிறந்தது போல இறுகிக் கிடந்தது. "இந்தப் பக்கம் அசையாது. அந்தப் பக்கம் கிழிஞ்சிருக்கு. இந்த வண்டியில பிளேட் தொங்கினா இடது பக்கம்தான் தொங்க முடியும். படத்துல இருக்கறது வேற வண்டி. உங்க நம்பரை மாட்டிக்கிட்டு ஓடின வண்டி."

டீச்சர் கட்டியிருந்த கைகள் மெல்ல அவிழ்ந்தன. ஐந்து நாளில் முதல் முறையாக ஒருவர் தன்னை நம்பியிருக்கிறார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

அப்போது மைதானத்து வாசலில் இன்னொரு வெள்ளைக் கார் நுழைந்தது. அச்சு அசலாக டீச்சர் காரேதான், கூரையில் இருந்த ஸ்கூல் போர்டு மட்டும்தான் வேறு. ஜன்னல் வழியாக ஒரு குரல் முதலில் வந்தது. "கண்ணாடியைப் பாரு! முன்னால என்ன இருக்குன்னு உனக்கே தெரியும், பின்னால வர்றவனைப் பாரு! கண்ணாடி, கண்ணாடி!"

ஓட்டப் பழகும் ஒரு பெரியவருக்குப் பக்கத்தில், தடித்த மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கார் இவர்களைக் கடந்தபோது அவர் முகத்தை வெடுக்கென்று எதிர்ப்பக்கச் சுவரை நோக்கித் திருப்பிக்கொண்டார்.

"சுவத்துல என்ன, சினிமாவா ஓடுது?" என்றான் ஸ்பீக்கர்.

"அவர் என் அண்ணன்," என்றார் டீச்சர். "மாஸ்டர்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். முன்னாடி அவர் ஸ்கூல்லதான் நானும் இருந்தேன். இந்த ரெண்டு வண்டியும் ஒரே நாள்ல வாங்கினது. சரியா ஓட்டத் தெரியாதவங்களையும் அவர் பாஸ் பண்ண வெச்சிட்டே இருந்தார். என்னால பொறுக்க முடியல, என் பங்கு வண்டியோட தனியா வந்துட்டேன். இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னார். சொன்ன சொல் தவறாத மனுஷன். மூணு வருஷமா முழிக்கல."

"மைதானத்துல தினமும் எதிரெதிர்ல வருவீங்களே?" என்றார் சர்வேயரம்மா.

"எதிர்ல வந்தாத்தானே? வரிசையில முதல் வண்டி எப்பவும் அவருது. அவருக்குப் பின்னாடி நான். அவர் கிளம்பினப்புறம்தான் நான் கிளம்பணும்." டீச்சர் கசப்பாகச் சிரித்தார். "நேத்து என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கார். பேசாம தப்பை ஒத்துக்கச் சொல்லு, பழையபடி என் ஸ்கூலுக்கே வந்துடச் சொல்லுன்னு. செய்யாததை எதுக்கு ஒத்துக்கணும்? ஸ்கூல் போனா போகட்டும். நான் தலை குனிய மாட்டேன்."

சர்வேயரம்மா போகிற காரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வாங்க, ஸ்டேஷனுக்குப் போய் இந்தக் கேஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்," என்றார்.

*

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. முடிந்துபோன வேலையை யாராவது மறுபடி தொடங்கச் சொன்னால் பிடிக்காது, அவ்வளவுதான். மின்விசிறி காற்றில் பறக்கும் காகிதங்களை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே படத்தைப் பார்த்தார்.

"கோணல்னா கோணல்தானேம்மா. அதுல என்ன இடது கோணல், வலது கோணல்?"

"காலை உடைச்சுக்கிட்டு ஒருத்தர் வந்தா, எந்தக் கால்னு பார்க்காமலா டாக்டர் கட்டுப் போடுவார்?" என்றார் சர்வேயரம்மா.

"சரி, உங்க வழிக்கே வர்றேன். படத்துல வலது பக்கம் தொங்குது. இப்ப இடது பக்கம் தொங்குது. விபத்துக்கு அப்புறம் இவங்களே கழட்டி மாத்தி மாட்டியிருக்கலாமே? வலது போல்ட்டுல துருன்னு சொல்றீங்க, உப்புத் தண்ணி ஊத்தினா அதுவும் ஏறிடும். ஓட்டையைக் கிழிக்கறதுக்கு என்ன பெரிய வித்தை வேணும்? ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்."

அறையில் இருந்த எல்லோர் கண்ணும் ஸ்பீக்கரின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவர் மேல் போய் நின்றது. அவன் அதைக் கைக்குட்டையால் மூடினான்.

"இவங்க வண்டியில இடது பக்கம்தான் தொங்கிச்சுன்னு மைதானத்துல எல்லாரும் சொல்வாங்க, சார்," என்றார் சர்வேயரம்மா.

"சொல்வாங்க. டீச்சர் நல்லவங்கன்னும் சொல்வாங்க. அதையெல்லாம் அதிகாரி முன்னால வெச்சா என்னைப் பார்த்துச் சிரிப்பார்." இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். இருட்டுல கவனிக்கல, பயந்துட்டேன்னு ஒத்துக்குங்க. ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்க. அப்புறம் ஸ்கூலைத் திறந்துக்கலாம். வீம்பு பிடிச்சா எல்லாமே போயிடும்."

"இடிச்சுட்டு நிக்காம போனேன்னு நான் ஒத்துக்கிட்டா," என்றார் டீச்சர், "ஆறு மாசம் கழிச்சு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஒரு பிள்ளைகிட்ட பிரேக்கைப் பத்திப் பேசுவேன்? என்னால முடியாது சார். நீங்க வேணா பூட்டுங்க. நானா சாவியைக் கொடுக்க மாட்டேன்."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல் படியில் இறங்கி நேராகத் தன் காருக்குப் போனார்.

"அண்ணி, போச்சா?" என்றான் ஸ்கூட்டரைக் கிளப்பியபடி.

"மாட்டினவன் ஏன் தப்பான பக்கம் மாட்டினான்? அது தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்சுடும்." அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "நம்பர் சரியா எழுதியிருக்கான். கோணலா இருக்கணும்னு ஞாபகம் வெச்சிருக்கான். பக்கத்தை மட்டும் கோட்டை விட்டிருக்கான். பார்க்காதவன் இப்படிச் செய்ய மாட்டான். நல்லாப் பார்த்தவனும் செய்ய மாட்டான்."

"அப்ப அரைக்கண்ணால பார்த்தவன். நம்ம அண்ணன் என்னைப் பார்க்கற மாதிரி."

"வண்டியை ஓட்டு."

மாலைக்குள் மைதானத்துக்குத் திரும்பியாக வேண்டும். டீச்சர் தன் காரில் பின்னால் வந்துகொண்டிருந்தார். சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஸ்பீக்கர் நிறுத்தினான். நின்ற இடத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கைப்பிடிக் கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிபார்த்தான். முடிக்குப் பின்னால் டீச்சரின் கார் தெரிந்தது. அவன் முகம் வெளுத்தது.

"அண்ணி," என்றான் மெதுவாக. "திரும்பாதீங்க. பின்னால வர்றது டீச்சர் வண்டி இல்ல. அந்த வண்டி! பிளேட் வலது பக்கம் தொங்குது!"

சர்வேயரம்மா திரும்பிப் பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் டீச்சர் உட்கார்ந்திருந்தார். பிளேட் இடது பக்கம்தான் தொங்கியது.

"இடதுடா, மண்டு."

"வலது அண்ணி! நீங்களே பாருங்க, இந்தா, கண்ணாடியி..."

சொல்லி முடிக்கவில்லை. அவன் ஹெல்மெட்டில் ஒரு பலமான தட்டு விழுந்தது. திட்டு வரப்போகிறது என்று தோளைக் குறுக்கினான். வந்தது சிரிப்பு.

"உன் வாய் சோறு போடாட்டியும் உன் அலங்காரம் போட்டுடுச்சுடா! கண்ணாடியில இடம் வலமாத் தெரியும். எழுத்து திரும்பித் தெரியறதால அதை யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா தொங்கற பக்கம் மட்டும் மனசுல நின்னுடும். மாட்டினவன் இந்த வண்டியை நேருக்கு நேர் பார்த்ததே இல்ல. கண்ணாடியில மட்டும்தான் பார்த்திருக்கான். தினமும் பார்த்திருக்கான்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஸ்பீக்கர் நகரவில்லை.

"எப்பவும் டீச்சருக்கு முன்னால போற வண்டி," என்றான். "சுவத்தைப் பார்த்துட்டுப் போற மனுஷன்."

"ஓட்டு," என்றார் அண்ணி. இந்த முறை சிரிக்கவில்லை.

*

மைதானத்தில் நிழல் நீண்டுகிடந்தது. அதிகாரி இன்னும் வரவில்லை. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டிருந்தார். மாஸ்டர், வரிசையின் முதல் இடத்தில் நின்ற தன் காரில், டிரைவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கையின் பள்ளிக்குப் பூட்டு விழுவதைப் பார்க்க முன்வரிசை டிக்கெட் வாங்கியவர் போல இருந்தது அது.

விஷயத்தை டீச்சரிடம் சொன்னபோது அவர் முதலில் தலையை ஆட்டினார். "அவர் கோபக்காரர். ஆனா இது... இல்லம்மா, எனக்கு சைக்கிள் பழக்கிவிட்டவர் அவர்."

"தப்பா இருந்தா நானே அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். ஒரு சின்னப் பரீட்சை வெச்சுப் பார்க்கலாமா?"

டீச்சர் அண்ணன் கார் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "வைங்க. யாரா இருந்தாலும் வைங்க."

ஸ்பீக்கர் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கிழித்து, பிளேட் அளவுக்கு அட்டை வெட்டி, அதில் டீச்சரின் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதினான். சர்வேயரம்மா இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். "சாட்சி எதுவும் வேண்டாம் சார். நீங்க சும்மா கூட நின்னு பாருங்க. டீச்சர் பிளேட் எப்படித் தொங்கிச்சுன்னு பிடிச்சுக் காட்டச் சொல்லப் போறோம்."

டீச்சரின் கார் மரத்துக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்றது. கேட்டில் இருந்த காவலாளி அட்டையை வாங்கினார். யோசிக்காமல் இடது பக்கத்தைத் தாழ்த்தினார். காபிக் கடைக்காரம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார், இடது. தினமும் கம்பத்தில் இடிக்கும் ஒரு மாணவி வெட்கத்தோடு வாங்கினாள், அவளும் இடதுதான்.

"இதைத்தான் நான் அப்பவே சொன்னேனே," என்றார் இன்ஸ்பெக்டர் அலுப்பாக. "எல்லாரும் இவங்களுக்குச் சாதகமாத்தான்..."

"இன்னும் ஒருத்தர் இருக்கார் சார்."

ஸ்பீக்கர் அட்டையைச் சுழற்றிக்கொண்டு மாஸ்டரின் ஜன்னலுக்குப் போனான். இன்ஸ்பெக்டரும் சர்வேயரம்மாவும் நாலடி பின்னால் நின்றார்கள். "மாஸ்டர், ஒரு உதவி. அந்தம்மா வண்டி பிளேட் எப்படித் தொங்கிச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இந்த மைதானத்துல உங்களை விட்டா விவரம் தெரிஞ்சவங்க யாரு? நீங்க சொன்னா இன்ஸ்பெக்டர் கேட்டுக்குவார்."

புகழ்ச்சி மாஸ்டரின் மீசையை லேசாகத் தூக்கியது. அட்டையை வாங்கினார். இரு கையாலும் தன் எதிரே பிடித்தார். ஒரு கணம்கூடத் தயங்காமல் வலது பக்கத்தைத் தாழ்த்தினார்.

"இப்படித்தான். படத்துலயும் இப்படித்தானே இருக்கு? இதுல என்ன சந்தேகம்?"

"நிச்சயமா சொல்றீங்களா?" என்றார் சர்வேயரம்மா.

"தினமும் பார்க்கறேன்மா!"

"எங்கேர்ந்து?"

"இதோ, இந்தக் கண்..."

விரல் கண்ணாடியைக் காட்டியபடியே நின்றுவிட்டது. கண்ணாடியில் இடம் வலமாகும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் காலை முதல் மாலை வரை 'கண்ணாடியைப் பாரு' என்று கத்தியே பிழைத்தவருக்கு, கண்ணாடியில் தெரிவதுதான் உலகம் என்று ஆகிவிட்டது. இப்போது அந்த உலகம் அவர் எதிரே தலைகீழாகக் கவிழ்ந்தது. அட்டை மடியில் விழுந்தது.

"ஞாபகம் மாறிடுச்சு," என்றார் அவசரமாக. "அட்டையைத் தப்பா பிடிச்சா குத்தமா? என்ன சார் இது, விளையாட்டு!"

இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார். "அவர் சொல்றதும் சரிதான்மா. இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

"முடியாதுதான்," என்று ஒத்துக்கொண்டார் சர்வேயரம்மா. "டேய், இப்ப எடு உன் ஸ்க்ரூ டிரைவரை."

ஸ்பீக்கர் காலையிலிருந்து காத்திருந்த கட்டளை அது. மாஸ்டரின் காருக்கு முன்னால் போய் மண்டி போட்டான். அங்கே பிளேட் அளவெடுத்தது போல நேராக இருந்தது. தூசு படிந்த பம்பரில் இரண்டு போல்ட் மட்டும் புதிதாக மின்னின.

"நேரா இருக்கறதை எதுக்குக் கழட்டறே?" மாஸ்டரின் குரல் உடைந்தது. "சார், தடுங்க!"

இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குள்ளே இருந்த போலீஸ்காரர் விழித்துக்கொண்டுவிட்டார். "கழட்டு," என்றார்.

முதல் போல்ட் வந்தது. இரண்டாவது வந்தது. ஸ்பீக்கர் பிளேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பம்பரைப் பார்த்தான். ஒரே மட்டத்தில் இரண்டு ஓட்டைகள். வலது ஓட்டைக்கு மூன்று விரல் கீழே, விளிம்பில் பிசிறுகூடப் போகாமல், புதிதாகத் துளைத்த இன்னொரு ஓட்டை.

"பிறந்த வண்டிக்கெல்லாம் ரெண்டு ஓட்டை," என்றான் அவன். "மாஸ்டர் வண்டிக்கு மட்டும் மூணு. காது குத்தியிருக்கார் போல."

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் மடியிலிருந்த அட்டையை எடுத்து, இடது ஓட்டையிலும் அந்த மூன்றாவது ஓட்டையிலும் பொருந்தும்படி பம்பரில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து கேமராப் படத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். அட்டையும் படமும் ஒரே சாய்வில் நின்றன.

"தானா தொங்கற பிளேட்டுக்கு ஒரு ஓட்டை கிழியும்," என்றார் சர்வேயரம்மா. "தொங்கற மாதிரி காட்டணும்னா புதுசா ஒரு ஓட்டை போடணும். கூரையில இருக்கற போர்டைக் கழட்டிட்டா ரெண்டு வண்டியும் ஒண்ணுதானே? சிக்னலை மீறினா தண்டம் டீச்சருக்கு. அப்படியே நாலு தடவை ஆனா ஸ்கூலுக்குப் பூட்டு. அந்த வேலைக்குத்தான் போனார். நடுவுல தையல்காரர் வந்துட்டார்."

இன்ஸ்பெக்டர் மூச்சை இழுத்து விட்டார். டீச்சர் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. அதை மறைக்க அதிகாரத்தைத் தேடிப் பிடித்தார். "உங்க மேல இனி ஒண்ணும் இல்லம்மா. அதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன். ஆனா இனிமேலாவது பிளேட்டை நேரா மாட்டுங்க. கோணலா வெச்சுக்கிட்டு ஓட்டறதுக்கே அபராதம் போடணும்."

"போடுங்க சார், கட்டறேன்," என்றார் டீச்சர். "ஆனா ஒண்ணு. நீங்க எல்லாரும் சொன்ன மாதிரி அது நேரா இருந்திருந்தா, இந்நேரம் நான் உள்ள இருந்திருப்பேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

டீச்சர் அண்ணனின் காரை நோக்கி நடந்தார். மாஸ்டர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தங்கை பின்பக்கமாக வருவதைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு அருகில் வந்து நின்ற பிறகும் அவர் கண் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"நீ திரும்ப நம்ம ஸ்கூலுக்கே வந்துடுவேன்னு நினைச்சேன்," என்றார் கண்ணாடியைப் பார்த்து. "அதுக்குத்தான் செஞ்சேன். அந்த ஆள் குறுக்க வருவார்னு நினைக்கல. உனக்கு ஜெயில் வரைக்கும் போகும்னு நினைக்கல. நீ ஒத்துக்கிட்டிருந்தா ஆறு மாசத்துல முடிஞ்சிருக்கும்."

டீச்சர் கை நீட்டி அந்தக் கண்ணாடியை மடக்கினார். கடக் என்று ஒரு சத்தம். கண்ணாடி கதவோடு ஒட்டிக்கொண்டது. மாஸ்டருக்குப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. கொஞ்ச நேரம் கறுப்பு பிளாஸ்டிக்கையே வெறித்தார். பிறகு, மூன்று வருஷத்துக்குப் பிறகு, தலையைத் திருப்பித் தங்கையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

டீச்சரின் கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் அசையவில்லை.

"எனக்குச் செஞ்சதை நான் பார்த்துக்கறேன்ணா. அழுது தீர்த்துக்குவேன், இல்ல திட்டித் தீர்த்துக்குவேன். ஆஸ்பத்திரியில ஒருத்தர் காலைத் தூக்கிக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கார். யார் இடிச்சாங்கன்னு அவருக்கு இன்னும் தெரியாது. இறங்கு. இன்ஸ்பெக்டர் வண்டியில ஏறு. முதல்ல அங்க போய், அவர் மூஞ்சியை நேராப் பார்த்து நீயே சொல்லு."

மாஸ்டர் கதவைத் திறந்தார்.